வேதக்காரர் அப்படி என்னதான் நம்புகிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர்களைத் தெரியாத ஆள் கிடையாது. எத்தனையோ சைவப் பிள்ளைகள் படித்தது சம்பத்திரிசியாரிலும் சென் ஜோன்சிலும் உடுவில் மகளிரிலும்தான். நத்தாருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கேக் வரும், ஆகஸ்ட் மாதம் மடுத் திருவிழாவுக்கு நேர்த்தி வைத்து பஸ் பிடித்துப் போகிற சைவக் குடும்பங்களும் இருக்கின்றன. ஆனாலும் அந்தப் பக்கத்து வீட்டு வேதக்காரர் உண்மையில் எதை நம்புகிறார் என்று கேட்டால், “மாதாவைக் கும்பிடுவினம்”, “ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவினம்”, “ஒரே அல்லேலூயாதான்” என்பதோடு பதில் நின்றுவிடும். வேதக்காரரையே கேட்டாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. “அன்பாய் இருக்கவேணும், அதுதான் எங்கட சமயம்” என்பார்கள். அன்பாய் இருக்கச் சொல்லாத சமயம் எது?

சரி, இதற்கு ஒழுங்கான பதில் ஒன்று இருக்கிறது, அதைக் கிறிஸ்தவர்கள் வாரா வாரம் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். விசுவாசப் பிரமாணம் என்று பெயர். கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ் ஆதீனத்தாரும் ஏறத்தாழ ஒரே சங்கதியைத்தான் சொல்கிறார்கள், வார்த்தைகள் மட்டும் கொஞ்சம் மாறும். பெந்தெகொஸ்தே சபைகளில் இதை ஓதுகிற வழக்கம் பெரும்பாலும் இல்லை, ஆனால் உள்ளே இருக்கிற விஷயத்தில் அவர்களுக்கும் அநேகமாகச் சண்டையில்லை. சுருக்கமானது, ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். சிறுவயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் பாதி நித்திரையிலும் சொல்வார்கள் என்பதுதான் அதிலுள்ள சிக்கல்.

முதல்முறை அதைக் கவனித்துக் கேட்கிற ஒருவருக்கு ஒரு இடம் கட்டாயம் உதைக்கும். வானத்தையும் பூமியையும் படைத்த கடவுள் என்று பெரிதாகத் தொடங்கி, கன்னி மரியாளிடம் பிறந்தார் என்று வந்து, திடீரென்று “பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு” என்று ஒரு ரோம அதிகாரியின் பெயர் வந்து விழும். யார் இந்த ஆள்? கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ரோமுக்காக நிர்வகித்தவன், இயேசுவுக்கு மரண தண்டனை விதித்தவன். 1961இல் செசரியாவில் தோண்டியபோது அவன் பெயர் வெட்டிய கல்லொன்று கிடைத்தது. இயேசுவின் முதன்மைச் சீடன் பேதுருவின் பெயர் அந்தப் பிரமாணத்தில் இல்லை, சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுலின் பெயர் இல்லை, இயேசுவின் பேர்பெற்ற போதனையான மலைப் பிரசங்கத்திலிருந்து ஒரு வரிகூட இல்லை. தண்டனை கொடுத்த தேசாதிபதியின் பெயர் மட்டும் இருக்கிறது.

ஏன் என்று விளங்கினால் மிச்சம் முக்கால்வாசி விளங்கிவிடும். கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுவில் இருப்பது ஒரு சம்பவம். இன்ன ஊரில், இன்னார் ஆட்சியில், இன்ன மனிதனைக் கொன்றார்கள், மூன்றாம் நாள் அவர் எழுந்தார் என்கிற செய்தி. இயேசு சொன்ன நல்ல போதனைகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சம்பவத்தை எடுத்துவிட்டால் ஒரு நல்ல நீதிநூல் மிஞ்சும், திருச்சபை மிஞ்சாது. இதை வெளியார் யாரும் குறையாகச் சொல்லவில்லை, பவுலே கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் சொல்லிவிட்டார்: கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று. அதனால் பிரமாணத்திலும் பாதிக்கு மேல் இயேசுவின் கதைதான். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் ஒட்டி நிற்கிறது.

இனி முதல் வரிக்குப் போவோம். கடவுள் ஒருவர், அவரே எல்லாவற்றையும் படைத்தவர். இதில் என்ன புதுமை, சைவமும் அதைத்தானே சொல்கிறது என்று தோன்றும். முழுக்க அப்படியில்லை. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் அனாதி. இறைவனைப் போலவே உயிர்களுக்கும் தொடக்கமில்லை, உலகம் தோன்றுவதற்கு மூலமான மாயையும் எப்போதும் இருக்கிறது. கிறிஸ்தவம் அந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டை வெட்டிவிடுகிறது. கடவுள் மட்டும் அனாதி, மற்றதெல்லாம் ஒன்றுமில்லாமையிலிருந்து அவர் உண்டாக்கியவை, உங்கள் உயிர் உட்பட. உயிருக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது, முற்பிறவி இல்லை, முன்வினைக் கணக்கு இல்லை. ஊனமாகப் பிறந்த பிள்ளையைப் பார்த்து ஒரு கிறிஸ்தவர் “முற்பிறப்பில் என்ன செய்ததோ” என்று சொன்னால் அது அவருடைய சமயம் அல்ல, ஊர்ப்பழக்கம். (சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.)

அடுத்தது இயேசு யார் என்கிற கேள்வி, அதுதான் கடினமான இடம். சைவ வாசகருக்கு இது இரட்டிப்புக் கடினம், ஏனென்றால் சிவபெருமான் கருவில் பிறப்பதில்லை, இறப்பதுமில்லை, அதுதான் அவருடைய பெருமை. இங்கேயோ கடவுள் ஒரு தச்சன் வீட்டில் பிறந்து, பசித்து, அழுது, கடைசியில் அடிபட்டுச் செத்தார் என்கிறார்கள். விஷ்ணுவின் அவதாரம் மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாமா என்றால், அவதாரங்கள் பல, யுகத்துக்கு யுகம் வரும், வேலை முடிந்ததும் உடம்பை விட்டுப் போய்விடும். கிறிஸ்தவர் சொல்வது ஒரே ஒரு தரம், திரும்பக் கழற்றிப் போடாத மனித உடல். எழுந்த பிறகும் அந்தக் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது என்றுதான் யோவான் நற்செய்தி சொல்கிறது.

முதலில் இதை நம்பியவர்கள் யூதர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. கடவுள் ஒருவரே என்று நாள்தோறும் சொல்லி வளர்ந்தவர்கள், சிலையைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் கூட நடந்து கூடச் சாப்பிட்ட ஒரு மனிதரைக் கும்பிடத் தொடங்கினார்கள், அதேநேரம் கடவுள் ஒருவர் என்பதையும் விடவில்லை. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது? இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் முந்நூறு வருடத்துக்கு மேல் சண்டை பிடித்தார்கள். அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர் ஒரு சுலபமான வழி சொன்னார்: மகன் உயர்ந்தவர், எல்லாவற்றுக்கும் முந்தியவர், ஆனாலும் பிதாவால் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 325இல் கொன்ஸ்தன்தீன் பேரரசன் ஆயர்களைக் கூட்டி நடத்திய நிசேயா சங்கம் அது இல்லை என்று தீர்த்தது, மகனும் பிதாவும் ஒரே பொருளாய் இருப்பவர்கள், மகன் படைக்கப்பட்டவர் அல்ல என்று எழுதிவைத்தது. 381இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தில் நிசேயா எழுதிய அந்த அறிக்கையில் தூய ஆவியைப் பற்றிய பகுதி விரிந்தது. 451இல் கல்கெதோன் சங்கம், இயேசு முழுக்கக் கடவுள், முழுக்க மனிதர், ஆனால் ஆள் ஒருவர்தான் என்றது. பாதி பாதி கிடையாது. வீடு வீடாக வந்து புத்தகம் தருகிற யெகோவாவின் சாட்சிகளை மற்றச் சபைகள் தங்களோடு சேர்க்காததற்குக் காரணம் இந்த இடம்தான், அவர்கள் நிசேயா சொன்னதை ஏற்பதில்லை.

திரித்துவம் என்று பெரிய சொல்லாகச் சொல்வது இந்தச் சண்டையின் முடிவைத்தான். பிரம்மா, விஷ்ணு, ருத்திரன் என்று தொழில் பிரித்த மும்மூர்த்திகளை இதற்குள் கொண்டுவந்தால் குழம்பிப்போவீர்கள், இங்கே மூவருக்கும் தனித்தனி இலாகா இல்லை. ஒருவரே மூன்று வேஷம் கட்டுகிறார் என்பதும் தவறு, அப்படியென்றால் இயேசு பிடிபட்ட இரவில் கெத்சமனேத் தோட்டத்தில் யாரிடம் மன்றாடினார்? என்ன என்று கேட்டால் ஒன்று, யார் என்று கேட்டால் மூவர். அதற்கு மேல் படம் கீறி விளக்கப் போகிறவர்கள் அநேகமாக ஏதாவது ஒரு பழைய பிழையில்தான் போய் விழுவார்கள். ஞாயிறு பள்ளிக்கூடத்தில் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லிக்கொடுப்பார்களே, அதுவும் அந்த வேஷப் பிழைதான்.

அப்புறம் சிலுவை. ஏன் சாகவேண்டி வந்தது? கிறிஸ்தவர்கள் சொல்வது, மனிதனுக்கு நோய் இருக்கிறது, அதற்குப் பாவம் என்று பெயர். களவு, பொய் என்று கணக்கெடுக்கிற தனித்தனிக் குற்றங்களுக்கு அடியில் இருக்கிற, நானே பெரிது என்கிற சாய்வு அது. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு ஆணவ மலம் ஞாபகம் வரும், செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டியிருப்பது. கிட்டத்தட்ட அதே இடத்தைத்தான் இரண்டும் தொடுகின்றன. ஆனால் ஆணவம் தொடக்கமே இல்லாமல் உயிரைப் பற்றி நிற்பது, கிறிஸ்தவத்திலோ படைத்தபோது மனிதன் நல்லவன், நோய் இடையில் வந்தது. இரண்டு பக்கமும் இன்னொன்றிலும் ஒத்துப்போகும், தன் பலத்தால் மட்டும் யாரும் இதிலிருந்து வெளியேற முடியாது, அருள் வேண்டும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் யாழ்ப்பாணப் பேராயரான சபாபதி குலேந்திரன், பின்னர் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் எப்படி விளங்கிக்கொள்ளப்படுகிறது என்று தனியாக ஒரு புத்தகமே எழுதினார்.

சிலுவை எப்படி அந்த நோயைத் தீர்க்கிறது என்றால், இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், திருச்சபை முழுவதுக்கும் பொதுவாக ஒரே விளக்கத்தை எந்தப் பொதுச்சங்கமும் தீர்த்து வைக்கவில்லை. எங்களுக்காக நடந்தது என்பது மட்டும் உறுதி. விவிலியம் மீட்புப் பணம் என்கிறது, பலி என்கிறது, வெற்றி என்கிறது. மீட்புப் பணம் என்றால் அதை யாரிடம் கட்டினார்கள் என்று நாலாம் நூற்றாண்டிலேயே கேட்டார்கள். பிசாசிடம் என்றார் நிசா நகர ஆயர் கிரகோரி. பிசாசுக்கு என்ன உரிமை என்று மறுத்தார் அவருடைய நண்பர் நாசியான்சு கிரகோரி. பதினோராம் நூற்றாண்டின் முடிவில் அன்செல்ம் என்ற இறையியலாளர், கடவுளின் மகிமைக்கு ஏற்பட்ட குறையை ஈடுசெய்வது பற்றி எழுதினார். பிறகு வந்த, ரோமிலிருந்து பிரிந்த சீர்திருத்தக்காரர், எங்களுக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றார் என்பதை அழுத்தினார்கள். இன்று யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கி வைத்துச் செய்கிற கூட்டங்களில் அநேகமாகக் கேட்பது இந்தக் கடைசி விளக்கம்தான். அது ஒன்றுதான் கிறிஸ்தவம் என்று நினைத்துவிடவேண்டாம்.

உயிர்ப்பைப் பற்றி எங்களுடைய ஊரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தவக்காலம் வந்தால் கத்தோலிக்கக் கிராமங்கள் சோகத்தில் மூழ்கிப்போகும். சிலுவைப்பாதை, ஒப்பாரி, வியாகுலப் பிரசங்கம், 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் பெரிதாக மேடையேற்றிய திருப்பாடுகளின் காட்சி என்று சனம் அழுது தீர்க்கும். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்டிறைச்சிக் கறியோடு எல்லாம் முடிந்துவிடும். அழுவதற்குச் செலவழிக்கிற நேரத்தில் பத்தில் ஒன்றுகூட சந்தோஷப்படுவதற்குச் செலவழிப்பதில்லை. இவ்வளவு இழந்த ஊரில் அது விளங்கக்கூடியதுதான், ஆனால் கோட்பாட்டின்படி பார்த்தால் பெரிய வெள்ளியைவிட உயிர்த்த ஞாயிறே பெரிய நாள். பவுல் தன் கடிதத்தில் யார் யாருக்கு இயேசு காட்சியளித்தார் என்று பெயர் சொல்லி எழுதுகிறார், கேபா (பேதுருதான்), பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள், யாக்கோபு, கடைசியில் தான். சம்பவம் நடந்து ஏறக்குறைய இருபத்தைந்து வருடத்துக்குள் எழுதிய பட்டியல் அது. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் அவர்கள் அதை உவமையாகச் சொல்லவில்லை என்பது மட்டும் தெளிவு.

தூய ஆவியைப் பற்றி இந்தச் சுருக்கமான பிரமாணம் அதிகம் பேசாது. இயேசு போன பிறகு திருச்சபைக்குள் இருந்து நடத்துகிற கடவுள் அவரே. இந்த வரியை மற்றவர்கள் சும்மா சொல்லிக் கடந்துவிடுகிறார்கள் என்று பட்டவர்கள்தான் பெந்தெகொஸ்தேக்காரர், அவர்களுடைய கைதட்டலும் அந்நிய பாஷையும் இங்கிருந்து வருகின்றன.

அப்படியென்றால் எல்லாரும் ஒன்றுதானே, ஏன் இத்தனை கோவில்? நடுவில் ஒன்று, ஓரத்தில் வேறு. அந்த வேறுபாடுகளைப் புத்தகத்தில் தேடுவதைவிடக் கோவிலுக்குள் போய்ப் பார்ப்பது நல்லது. யாழ்ப்பாணத்தின் எந்தக் கத்தோலிக்கக் கோவிலிலும் பீடத்துப் பக்கம் ஒரு சின்னப் பேழையும் அருகே ஒரு சிவப்பு விளக்கும் இருக்கும். உள்ளே இருப்பது பூசையில் குருவானவர் மன்றாடிப் புனிதமாக்கிய அப்பம், மெல்லிய வெள்ளை வட்டம். விளக்கு எரிந்தால் இயேசு அங்கே இருக்கிறார் என்று பொருள், அதனால்தான் வருகிறவர்கள் ஒரு முழங்காலை மடித்து எழும்பிப் பிறகு வாங்கில் போய் இருப்பார்கள். பார்க்கிறது அப்பம்தான், ஆனால் அதன் உள்பொருள் கிறிஸ்துவின் உடலாக மாறிவிட்டது என்பது அவர்களுடைய நம்பிக்கை. பெரிய வியாழன் இரவு அதை எடுத்துவிடுவார்கள், பெரிய வெள்ளியன்று அந்தப் பேழை வெறுமையாகக் கதவு திறந்தபடி கிடக்கும், விளக்கும் அணைந்திருக்கும். மெதடிஸ்த கோவிலிலோ யாழ் ஆதீனத்துக் கோவிலிலோ பேழையும் இல்லை, விளக்கும் இல்லை. திருவிருந்தில் கிறிஸ்து உண்மையில் சந்திக்கிறார் என்று அவர்களும் நம்புகிறார்கள், ஆனால் அப்பம் அப்பமாகவே இருக்கிறது, ஆராதனை முடிந்தபின் அதன் முன்னால் முழங்காலிட ஒன்றுமில்லை.

கத்தோலிக்கருக்கு அருளடையாளங்கள் என்கிற புனிதச் சடங்குகள் ஏழு, மெதடிஸ்தர், யாழ் ஆதீனத்தார் போன்ற புரட்டஸ்தாந்தருக்கு ஞானஸ்நானமும் திருவிருந்தும் என்று இரண்டு. கத்தோலிக்கருக்குப் பாப்பரசர் உண்டு, புனிதர்களிடம் பரிந்துபேசக் கேட்பார்கள். மரியாள் விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மாதாவைக் கடவுளாகக் கும்பிடுவதில்லை, அது அவர்களுடைய சபையிலேயே தவறு. மடுவில் மண்ணெடுத்து நெற்றியில் பூசுகிற கூட்டத்தைப் பார்த்தால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கோட்பாடு அதுதான். விவிலியம் மட்டுமே இறுதி அளவுகோல், விசுவாசத்தினால் மட்டுமே மீட்பு என்று 1517இல் தொடங்கிய, லூத்தர் என்ற ஜெர்மன் துறவியின் சண்டையில் இரண்டாவது கேள்வி இப்போது முன்போல் சூடாக இல்லை. 1999இல் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் அதுபற்றி ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள், 2006இல் மெதடிஸ்தரும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் ஊர்க் கல்யாணப் பேச்சுகளில்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஆனால் கல்யாணத்தில் ஒரு விஷயம் தெரியும். மெதடிஸ்தப் பெடியன் கத்தோலிக்கப் பெட்டையைக் கட்டிக் கத்தோலிக்கத்தில் சேர்ந்தாலும் அவனுக்குத் திரும்ப ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள். பிதா, சுதன், ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்தது யார் கொடுத்தாலும் செல்லும். பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் கதை வேறு, குழந்தையில் தெளித்ததை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை, விளங்குகிற வயதில் தானே கேட்டு முழுகி எழவேண்டும் என்பார்கள்.

பிரமாணத்தின் கடைசியில் “சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும்” என்று வரும். ஆத்துமா மோட்சத்துக்குப் போவது மட்டுமல்ல, உடம்போடு எழுவது. திரும்பப் பிறப்பதில்லை, ஒரே வாழ்க்கை, ஒரே மரணம், பிறகு தீர்ப்பு. செத்தவீட்டில் கூட இருந்த சைவ நண்பர்கள் எட்டுச் செலவு, அந்தியேட்டி, கீரிமலை என்று அடுத்த சடங்குகளை யோசிக்கிறபோது கிறிஸ்தவர்கள் ஏன் சேமக்காலையில் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். 1963க்குப் பிறகு எரிப்பதையும் கத்தோலிக்கத் திருச்சபை தடுப்பதில்லை. ஆனால் கத்தோலிக்கருக்கு அதோடு எல்லாம் முடிவதில்லை. நவம்பர் 2ஆந் திகதி சேமக்காலைக்குப் போனால் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரக் காத்திருப்பார்கள். இறந்தவர் கடவுளிடம் போகிற வழியில் சுத்திகரிக்கப்படுகிறார், அவருக்காக மன்றாடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. புரட்டஸ்தாந்தர் பெரும்பாலும் இறந்தவருக்காக மன்றாடுவதில்லை, நன்றி சொல்லிக் கடவுள் கையில் விட்டுவிடுவார்கள்.

கடைசியாக, எல்லாச் சைவ நண்பர்களும் மனதுக்குள் வைத்திருந்து கேட்காமல் விடுகிற கேள்வி: அப்ப எங்களுக்கு நரகமா? பிரமாணம் சொல்வது, அவர் நியாயந்தீர்க்க வருவார் என்பதை மட்டும்தான், யார் யார் எங்கே என்று அதில் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1964ஆம் ஆண்டு ஏடொன்றில், தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதிருந்து, நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி நடக்கிறவர்களும் மீட்படையலாம் என்று எழுதியது, மீட்பது கிறிஸ்துதான் என்பதை விடாமல். பல சுவிசேஷ சபைகள் அப்படிச் சொல்லமாட்டா, இயேசுவைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதில் பிடிவாதமாக நிற்பார்கள். மெதடிஸ்தருக்குள்ளும் அங்கிலிக்கருக்குள்ளும் இரண்டு கருத்தும் உண்டு. உங்கள் ஒழுங்கையில் இருக்கிற கத்தோலிக்கச் சுவாமியிடமும் அதற்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிற பாஸ்டரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு பதில் கிடைக்கும்.